எடுத்தலும் படுத்தலும்

நுழையும்முன்

மொழி என்பது எழுத்துகளின் கோவை மட்டுமன்று. அது மூச்சின் ஓட்டம், குரலின் ஏற்றம், இறக்கம், நிறுத்தம் ஆகியவற்றால் உயிர்பெறும் ஓசையுமாகும். ஒரு மொழியின் சொற்களைக் கற்றவர் அதன் ஓசையையும் கற்றுவிட்டார் எனக் கொள்ள இயலாது. சீனமொழி பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஆங்கிலத்தின் ஓசையை எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? அவ்வோசையை அறிவதற்கு நம் இலக்கண மரபு துணைசெய்யுமா? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓசையில் உறையும் பொருள்

‘வந்தான்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். செய்தியாகச் சொன்னால் ஒரு பொருள். வியந்து சொன்னால் வேறொரு பொருள். ஏளனமாகச் சொன்னால் மற்றொரு பொருள். எழுத்து ஒன்றே, மாறியது குரல் மட்டுமே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவருக்கும் இவ்வேறுபாட்டை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே செவி அதனைக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

அயல்மொழியில் இந்நிலை இல்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் பயின்று, பிழையின்றி எழுதவும் தெரிந்த மாணவர் ஒருவர், நேர்காணலில் வாய்திறந்து பேசும்போது எதிரில் இருப்பவர் ‘மறுபடியும் சொல்லுங்கள்’ என்கிறார். மாணவர் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்கிறார், அப்போதும் விளங்கவில்லை. சொல்லும் இலக்கணமும் பிழையற்றவை. குரல் தங்கவேண்டிய இடமே மாறியிருக்கிறது. ஆனால், அம்மாணவர் ‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்னும் முடிவோடு வீடு திரும்புகிறார். அவருக்கு வராதிருப்பது ஆங்கிலம் அன்று. அதன் அழுத்தமும் ஏற்ற இறக்கமும்தாம். இவ்வேறுபாட்டை அவருக்கு யாரும் எடுத்துரைத்ததில்லை என்பதே வருந்தத்தக்கது.

இக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. உலகில் மிகுதியான மக்களால் தாய்மொழியாகப் பேசப்படும் மாண்டரின் சீனத்தைப் பேசுவோரும் இதே வாயிலில்தான் தடுக்கி நிற்கின்றனர். அவர்கள் தடுக்கும் விதத்தை அறிந்தால் நாம் தடுக்கும் விதமும் தெளிவாகும்.

நான்கு தொனிகளின் மொழி

மாண்டரின் ஒரு தொனிமொழி. ஓர் அசையை எந்தக் குரல்நிலையில் ஒலிக்கிறோம் என்பதே அதன் பொருளை முடிவுசெய்யும். ‘மா’ என்னும் அசை உயர்ந்து சமமாக ஒலித்தால் தாய். கீழிருந்து மேலெழுந்தால் சணல். தாழ்ந்து பின் எழுந்தால் குதிரை. மேலிருந்து சடாரென விழுந்தால் திட்டுதல். இந்நான்கோடு, குறுகி மெலிந்து ஒலிக்கும் நடுநிலைத் தொனி ஒன்றும் உண்டு. சீனக் குழந்தை ‘மாமா’ என்றழைப்பது தன் தாயை. அச்சொல்லின் முதல் அசை உயர்ந்து நிற்கும்; இரண்டாம் அசை தொனியிழந்து தேய்ந்து ஒலிக்கும்.

சீனத்தில் வினாவை அமைக்க வாக்கியத்தின் இறுதியில் ‘மா’ என்னும் இடைச்சொல்லைச் சேர்ப்பதுண்டு. நாம் ‘வந்தானா?’ என ஆகாரம் சேர்ப்பதைப் போன்றதே இது. இரண்டு தாழ்ந்தெழும் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது எழுதொனியாகத் திரியும். ‘நீ ஹாவ்’ என்னும் வணக்கச் சொல்லிலேயே இத்திரிபைக் கேட்கலாம். நம் இலக்கணத்தில் எழுத்துகள் புணரும்போது திரிபு நிகழ்வதுபோல, அங்குத் தொனிகள் புணர்ந்து திரிகின்றன.

இத்தகைய செவியோடு ஒருவர் ஆங்கிலம் கற்க வருகிறார். ஆங்கிலத்திலும் குரல் ஏறி இறங்குகிறது. ஆனால், அங்கு ஏற்ற இறக்கம் சொல்லின் அகராதிப் பொருளை மாற்றுவதில்லை. வாக்கியத்தின் நோக்கத்தையே காட்டுகிறது. சீன மாணவரோ குரலின் உயரத்தைச் சொல்லின் பிரிக்கமுடியாத உறுப்பாகக் கேட்டுப் பழகியவர். ஆகவே, ஆங்கிலச் சொல்லின் அழுத்தம்பெறும் அசைக்கு உயர்தொனியையோ வீழ்தொனியையோ நிலையாகப் பொருத்திவிடுகிறார். அழுத்தம்பெறாத அசைகளுக்கும் முழுத்தொனி கொடுத்துவிடுவதால், எல்லா அசைகளும் ஒரே எடையுடன் வந்து விழுகின்றன. சொல் வினாவில் வந்தாலும் விடையில் வந்தாலும் அதன் தொனி அசையாமல் நிற்கிறது.

எனினும், அவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. 1958ஆம் ஆண்டு சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் என்னும் உரோமானிய எழுத்துமுறையில், ஒவ்வோர் அசையின் தொனியும் உயிரெழுத்தின் தலையில் சிறு கோடாக இடப்படுகிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தை அக்கோடுகளைப் பார்த்தே படிக்கிறது. குரலைக் கண்ணால் காணும் பழக்கம் அதற்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது. சீன மாணவருக்கு ஆங்கில அழுத்தத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அப்பழக்கத்தையும் நடுநிலைத் தொனியையும் பற்றுக்கோடாகக் கொள்ளலாம். ‘தாயை அழைக்கும் சொல்லின் இரண்டாம் அசையை எவ்வளவு மெலிதாகச் சொல்கிறாயோ, அவ்வளவு மெலிதாக இந்த ஆங்கில அசையையும் சொல்’ என்று காட்டினால் போதும். மாணவர் தம் மொழியின் வழியாகவே அயல்மொழியின் ஓசைக்குள் நுழைந்துவிடுவார்.

தமிழ்ச் செவியின் அளவுகோல்

சீனச் செவியின் அளவுகோல் குரலின் உயரம் என்றால், தமிழ்ச் செவியின் அளவுகோல் ஒலியின் காலம். கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கொண்டு மாத்திரையை வரையறுத்தது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என நாம் இளமையிலேயே கற்கிறோம். இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. ‘பல்’ நீண்டால் ‘பால்’ ஆகிவிடும். ‘கல்’ நீண்டால் ‘கால்’ ஆகிவிடும். ஆதலால் எந்த அசையையும் நினைத்தபடி நீட்டவோ குறுக்கவோ தமிழ் நா துணியாது.

ஆங்கிலமோ அதைத்தான் கேட்கிறது. அழுத்தம்பெறும் அசை நீண்டு, உரத்து, உயர்ந்து, தெளிவாக ஒலிக்க வேண்டும். மற்றவை குறுகி, மங்கித் தேய வேண்டும். ‘பனானா’ என்று நாம் தமிழில் எழுதும் சொல்லில் இரண்டாம் அசை மட்டுமே ஓங்கும். முதலிலும் இறுதியிலும் உள்ள உயிர்கள் ஏறத்தாழ விழுங்கப்படும். அம்மங்கலான உயிரை ஆங்கில அகராதிகள் தலைகீழாகக் கவிழ்ந்த ஓர் எழுத்தால் குறிக்கின்றன. ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக ஒலிக்கும் உயிர் அதுவே. ஆனால், அதற்கு நெடுங்கணக்கில் தனியெழுத்து இல்லை. எழுத்தைப் பார்த்துப் படிக்கும் நம் மாணவர் எழுதியவாறே எல்லா உயிர்களையும் முழுமையாக ஒலித்துவிடுகிறார்.

நாள்தோறும் வழங்கும் சொற்களையே பாருங்கள். ‘ஹோட்டல்’, ‘போலீஸ்’ ஆகிய இரண்டிலும் ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். நாம் முதலசையில் ஊன்றுகிறோம். ‘கமிட்டி’யில் நடு அசையும், ‘இன்ஜினியர்’ என்பதில் இறுதி அசையும் ஓங்கவேண்டும். தமிழுக்குள் வந்து தமிழாகிவிட்ட இச்சொற்களைத் தமிழில் பேசும்போது தமிழோசையில் சொல்வதே முறை. ஆங்கிலத்தில் பேசும்போதும் அவ்வாறே சொன்னால், கேட்பவர் வேறு ஏதோ சொல் என மயங்குகிறார்.

1945ஆம் ஆண்டு அமெரிக்க ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்த கென்னத் பைக் என்னும் மொழியியலறிஞர், சில மொழிகள் அழுத்தத்திற்கு அழுத்தம் காலத்தை அளக்கின்றன எனவும், சில மொழிகள் அசைக்கு அசை அளக்கின்றன எனவும் வேறுபடுத்தினார். பின்னர்க் கருவிகொண்டு அளந்தவர்கள், எந்த மொழியும் கடிகாரம்போல் சம இடைவெளியில் ஒலிப்பதில்லை எனக் கண்டனர். ஆயினும், ஆங்கிலத்தில் அசைகளின் நீளம் பெரிதும் ஏறியிறங்குகிறது என்பதும், தமிழ், சீனம் முதலிய மொழிகளில் அவ்வளவு வேறுபாடு இல்லை என்பதும் செவிக்குப் புலனாகும் உண்மை. ‘பாய்ஸ் பிளே கேம்ஸ்’ என்பதில் மூன்று அசைகள். ‘த பாய்ஸ் ஆர் பிளேயிங் த கேம்ஸ்’ என்பதில் ஏழு அசைகள். ஆனால், இரண்டிலும் குரல் ஊன்றும் இடங்கள் மூன்றே. இடையில் வந்த சிறுசொற்கள் அம்மூன்றின் நிழலில் ஒடுங்கிச் செல்ல வேண்டும்.

‘தான்’ செய்யும் பணி

சொல்லழுத்தத்தைவிட நுட்பமானது வாக்கிய அழுத்தம். ‘மை பிரதர் வென்ட் டு சிங்கப்பூர்’ என்னும் வாக்கியத்தில் ‘பிரதர்’ என்பதை அழுத்தினால், ‘என் அண்ணன்தான் சிங்கப்பூருக்குப் போனார், வேறு யாருமல்லர்’ என்பது பொருள். ‘சிங்கப்பூர்’ என்பதை அழுத்தினால், ‘என் அண்ணன் சிங்கப்பூருக்குத்தான் போனார், வேறு ஊருக்கல்ல’ என்பது பொருள். ஆங்கிலத்தில் குரல் செய்யும் இவ்வேலையைத் தமிழில் ‘தான்’ என்னும் இடைச்சொல் செய்துவிடுகிறது. தேற்றத்திற்கு ஏகாரம், ஐயத்திற்கு ஓகாரம், வினாவுக்கு ஆகாரம் என நம்மிடம் இடைச்சொற்கள் நிரம்ப உள்ளன. சொல்லை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் உரிமையும் உண்டு.

இவ்வளவு கருவிகள் கைவசம் இருப்பதால், குரலை மட்டுமே நம்பவேண்டிய தேவை தமிழருக்கு ஏற்படுவதில்லை. ஆங்கிலம் பேசும்போது அந்த இடைச்சொற்கள் கைவிட்டுப் போகின்றன. அவற்றின் பணியைக் குரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிவதில்லை. விளைவாக, நம் ஆங்கில வாக்கியம் மேடுபள்ளமற்ற கட்டாந்தரையாகக் கிடக்கிறது. கேட்பவருக்கு எது முதன்மைச் செய்தி என்று விளங்குவதில்லை. நாம் கற்கவேண்டியது ‘தான்’ என்று தமிழில் சொல்லத் தோன்றும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் குரலை ஊன்றுவதே. இதனைவிட எளிய விதி வேறில்லை.

தெரியுமா?

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இதில், ஏழு பண்வகைகளுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகத் தொகுத்துக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய இசை வரலாற்றுக்கான மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. கேட்டவுடன் காற்றில் கரைந்துவிடும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் காணும்படி கல்லில் பதித்துவைத்த மண் இது.

இலக்கணம் காட்டும் வழி

ஆங்கில ஓசையைக் கற்கத் தமிழ் தடை என்பது பலருடைய எண்ணம். தமிழை ஒழுங்காகக் கற்றவருக்குத் தமிழே வழித்துணை என்பது என் கருத்து. இதற்கு மூன்று சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, குற்றியலுகரம். ‘நாடு’, ‘வரகு’, ‘பட்டு’, ‘பந்து’ ஆகிய சொற்களின் இறுதி உகரம் தனக்குரிய ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிக்கிறது. ‘பசு’ என்பதில் உள்ள உகரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள். இதழ் குவியாமல் உகரம் மங்குவதை உணரலாம். ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம் என்பனவும் இடம்நோக்கி உயிர் குறுகும் விதிகளே. உயிரெழுத்து இடத்திற்கேற்ப மெலியும் என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. ‘டீச்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றசையைக் குற்றியலுகரத்தின் மென்மையோடு ஒலிக்கச் சொன்னால், பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு அது நொடியில் கைவரும்.

இரண்டாவது, எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகள். எழுத்துகளின் ஒலி இம்மூன்றாலும் தம்முள் சிறிது வேறுபடும் என நன்னூல் கூறுகிறது. குரலை உயர்த்தல், தாழ்த்தல், இரண்டிற்கும் இடைப்பட நிறுத்தல் என இவற்றைக் கொள்ளலாம். வினைமுற்றாக நிற்கும் ஒரு சொல்லே, ஓசையைப் படுத்துச் சொல்லும்போது வினையாலணையும் பெயராகும் எனவும் உரையாசிரியர்கள் குறித்துள்ளனர். எழுத்து மாறாமல் ஓசையால் மட்டும் வினை பெயராவதை அவர்கள் செவி நுணுகிக் கேட்டிருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். அறிவியல் மாணவர் நாள்தோறும் சுமந்துசெல்லும் ‘ரெக்கார்டு’ குறிப்பேட்டின் பெயரில் அழுத்தம் முதலசையில் விழும். ‘பதிவுசெய்’ என்னும் வினையாக அதே எழுத்துகள் வரும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும். வருகைப்பதிவின்போது நாம் சொல்லும் ‘பிரசன்ட்’ என்பதும் அவ்வாறே. வந்திருத்தலைக் குறிக்கையில் முதலசை ஓங்கும். ‘முன்வை’ என்னும் வினையாகும்போது இரண்டாமசை ஓங்கும். நன்னூலைப் பொருளுணர்ந்து படித்தவர் இதனைக் கேட்டு வியக்கமாட்டார். ‘எங்கள் உரையாசிரியர்கள் சொன்னதன்றோ இது’ என்பார்.

மூன்றாவது, செய்யுளின் ஓசை. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் எனப் பாக்களின் ஓசையை நாம் வகைப்படுத்துகிறோம். நேர், நிரை என அசைபிரித்து அலகிடுகிறோம். அலகிடத் தெரிந்த மாணவருக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை அசைகளாகப் பிரிப்பது கடினமாகாது. பிரித்த பின், எந்த அசைக்கு முடிசூட்டுவது என்பது மட்டுமே எஞ்சியிருக்கும் வினா.

எதைக் கற்பது, எதை விடுவது?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ‘ஆங்கிலேயரைப்போல் நாம் ஏன் பேச வேண்டும்? இந்திய ஆங்கிலமும் ஓர் ஆங்கிலந்தானே?’ என்று கேட்பவர்கள் உளர். கேள்வி நேர்மையானது. யாரையும்போல் நடித்துப் பேசவேண்டிய தேவை நமக்கில்லை. நாவை வளைத்து அயல்நாட்டார் சாயலில் பேசுவதை உயர்வெனக் கருதி, அதற்கெனப் பொருள்செலவிடுவது வீண் என்பதே என் எண்ணமும். ஒருவர் பேச்சில் அவருடைய ஊரின் மணம் வீசுவது இழுக்காகாது.

ஆனால், சாயல் வேறு, அழுத்தம் வேறு. சாயல், பேசுபவர் எங்கிருந்து வருகிறார் என்பதைச் சொல்கிறது. அழுத்தமோ, அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைச் சொல்கிறது. ஐதராபாத்தில் இயங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு விளங்குகிறது என ஆராய்ந்து 1969ஆம் ஆண்டு வெளியிட்டார். சொல்லில் அழுத்தம் இடம்மாறுவது விளங்காமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது அவர் கண்ட முடிவு.

இதற்கு மாறான பார்வையும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜெனிபர் ஜென்கின்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் தம்முள் அம்மொழியில் பேசிக்கொள்ளும்போது எவையெவை இன்றியமையாதவை என வரிசைப்படுத்தினார். வாக்கியத்தின் முதன்மைச் சொல்லில் அழுத்தம் சரியாக விழுவதையும் உயிர்களின் குறில் நெடில் வேறுபாட்டையும் அவர் இன்றியமையாதவையாகக் கொண்டார். சிறுசொற்களை விழுங்குவதும், ஆங்கிலேயரின் தாளத்தைப் பின்பற்றுவதும் அவ்வளவு தேவையில்லை என்றார்.

இவ்விரு பார்வைகளையும் எடைபோட்டால் நமக்கு ஒரு நடுவழி கிடைக்கிறது. சொல்லழுத்தத்தைக் கற்போம், நம் பேச்சு எல்லை கடந்தும் விளங்க அது வேண்டும். வாக்கிய அழுத்தத்தைக் கட்டாயமாகக் கற்போம். இரு தரப்பும் அதன் தேவையை ஒப்புக்கொள்கின்றன. தாளம் முழுமையும் ஆங்கிலேயருடையதுபோல் அமையவில்லையே என்ற கவலையை விட்டொழிப்போம்.

இரு மொழிகள் சந்திக்கும் இடம்

இக்கருத்து வெறும் ஏட்டுச்சிந்தனை அன்று என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள். புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குப் பணிக்குச் சென்றோர் ஏராளம். அங்குக் கட்டுமானக் களத்திலோ கப்பல் பட்டறையிலோ தமிழ்த் தொழிலாளியும் சீன மேற்பார்வையாளரும் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஆங்கிலம். ஒருவர் காலத்தை அளக்கும் செவியோடும், மற்றவர் குரலின் உயரத்தை அளக்கும் செவியோடும் அம்மொழிக்கு வந்தவர்கள். இருவருக்கும் அசைகளை விழுங்கும் வழக்கமில்லை.

சிங்கப்பூர் ஆங்கிலத்தின் தாளத்தைக் கருவிகொண்டு அளந்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரித்தானிய ஆங்கிலத்தைவிட அங்கு அடுத்தடுத்த உயிர்களின் நீளம் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதை அது காட்டியது. அவ்வாங்கிலத்தைக் கொண்டே அந்நாடு உலகோடு வாணிகம் செய்கிறது. அதே வேளையில், அயலாருக்கும் விளங்கும் ஆங்கிலத்தைப் பேச மக்களை ஊக்குவிக்கும் இயக்கத்தையும் அந்நாட்டு அரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. தம் ஓசையை இழக்காமலும், பிறருக்கு விளங்காமல் போகாமலும் பேசுவது எப்படி என்னும் அதே வினா அங்கும் நிற்கிறது. நம் வினா உலகப்பொதுவானது என்பதை உணர்ந்தால் தாழ்வு மனப்பான்மைக்கு இடமில்லை.

நாணம் என்னும் தடை

ஓசையைக் கற்பதில் அறிவைவிடப் பெரிய தடை நாணமே. எழுத்துப்பிழையை ஏட்டில் அழித்துவிடலாம். வாய்ப்பிழையோ நாலுபேர் காதில் விழுந்துவிடும். ஒருமுறை சிரிப்பொலி எழுந்தால் போதும்; அம்மாணவர் ஆண்டு முழுவதும் வாய்திறவார். பிறர் உச்சரிப்பைக் கேட்டு நகைப்பவர், ஒரு மொழி கற்பவரின் கதவை அடைக்கிறார் என்பதை உணர வேண்டும்.

1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஊரார் பார்க்க வண்டியேறினர், விழுந்தனர், எழுந்தனர், மீண்டும் ஏறினர். கேலி பேசியவர்கள் இல்லாமலில்லை. எனினும், புத்தகத்தைப் படித்து எவரும் மிதிவண்டி பழகியதில்லை. விழாமல் எவரும் பழகியதில்லை. அயல்மொழியின் ஓசையும் அத்தகையதே. அது உடலால் கற்கவேண்டிய கலை. நாவும் மூச்சும் பழகவேண்டும்; பழகுமிடத்தில் பிழைக்க இடமிருக்க வேண்டும்.

இம்மண் ஆங்கில நாவன்மைக்கு அந்நியமானதன்று. 1887ஆம் ஆண்டு திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, புதுக்கோட்டையில் கல்லூரிக் கல்வி பயின்றவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆற்றல்மிக்க சொற்பொழிவாளராகத் திகழ்ந்து, மத்திய சட்டமன்றத்தில் ஆங்கில ஆட்சியை அவர்கள் மொழியிலேயே எதிர்த்து வாதிட்டவர். வலங்கைமானில் பிறந்து, பள்ளியாசிரியராகத் தம் பணியைத் தொடங்கிய சீனிவாச சாஸ்திரியார், ஆங்கிலச் சொல்வன்மைக்காக ‘வெள்ளிநா’ எனப் போற்றப்பட்டார். ஒலிப்பதிவுக் கருவிகள் இன்றுபோல் பரவாத காலத்தில், கூர்ந்து கேட்டும் உரக்கப் படித்தும் வளர்ந்த தலைமுறை அது. இன்று கைப்பேசியின் ஒரு தொடுதலில் உலகின் எந்தக் குரலையும் கேட்கலாம். கருவி பெருகியிருக்கிறது, உரக்கப் படிக்கும் பழக்கமோ அருகிவிட்டது.

பள்ளியின் கடமை

நாம் மொழியைப் பெரிதும் எழுத்துத்தேர்வுக்காகவே கற்பிக்கிறோம். தேர்வுத்தாளில் இடம்பெறாத எதுவும் வகுப்பறையில் இடம்பெறுவதில்லை. ஆகவே, கேட்டலும் பேசுதலும் ஏட்டில் மட்டும் திறன்களாக நிற்கின்றன. இது மாறவேண்டும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒவ்வொரு மொழி வகுப்பிலும் உரக்கப் படித்தல் நிகழ வேண்டும். ஆங்கில வகுப்பில் மட்டுமன்று. தமிழ் வகுப்பிலும் வேண்டும். ஒரு செய்யுளை ஓசைநயம் குன்றாமல் படிக்கத் தெரியாதவருக்கு வேற்றுமொழியின் ஓசை எவ்வாறு கைவரும்? தாய்மொழியில் தீட்டப்பட்ட செவியே அயல்மொழியைக் கூர்ந்து கேட்கும்.

மாணவர் தாமே செய்யத்தக்கனவும் உண்டு. ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லின் ஒலிப்பிலும், ஓங்கும் அசைக்கு முன்னால் மேற்புறமாகச் சிறு கோடு ஒன்று இடப்பட்டிருக்கும். பொருளைப் பார்க்கும் கண் அக்கோட்டையும் பார்க்கட்டும். புதுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது அக்கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். சீனக் குழந்தை தொனிக்கோட்டைப் பார்த்துப் படிப்பதைப் போல நீங்களும் பழகுங்கள். வாக்கியத்தைச் சொல்லுமுன், ‘தமிழில் இதைச் சொன்னால் எங்கே “தான்” வரும்?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்த இடத்தில் குரலை ஊன்றுங்கள். விரலால் மேசையைத் தட்டி, ஓங்கும் அசைகளுக்கு மட்டும் ஓசை எழுப்புங்கள். இவற்றுள் எதற்கும் காசு தேவையில்லை. கூச்சத்தை விட்டால் போதும்.

நிறைவாக

ஒவ்வொரு மொழியும் ஒலியின் ஒரு கூறினைத் தன் உடைமையாகக் கொண்டுள்ளது. சீனம் குரலின் உயரத்தையும், தமிழ் ஒலியின் காலத்தையும், ஆங்கிலம் அசையின் அழுத்தத்தையும் ஆண்டு வருகின்றன. வேற்றுமொழி கற்பவர் தம் உடைமையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதனை வேறொரு பணிக்குப் பயன்படுத்தக் கற்றால் போதும். எடுத்தலும் படுத்தலும் நலிதலும் நம் முன்னோர் செவியறிந்த செய்திகளே. அவர்கள் பெயரிட்டு வைத்ததை நாம் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு மறந்துபோகிறோம். அவ்விலக்கணம் ஏட்டைவிட்டு நாவில் ஏறுமானால், நாளை நேர்காணல் அறையில் ‘மறுபடியும் சொல்லுங்கள்’ என்று கேட்கப்படும்போது நம் மாணவர் குரலை உயர்த்தமாட்டார். அழுத்தத்தை இடம்மாற்றிச் சொல்வார். கேட்பவருக்கு விளங்கும்.

கற்பவை கற்றபின்...

1. ‘நாளைக்கு எங்கள் பள்ளியில் ஆண்டுவிழா’ என்னும் வாக்கியத்தைச் செய்தி, வினா, வியப்பு, ஏளனம் ஆகிய நான்கு பொருளும் தோன்றப் பேசிக்காட்டுக. குரல் எங்கு ஏறி எங்கு இறங்குகிறது எனக் குறிக்க.

2. அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அகராதியின் துணையுடன் அவற்றுள் அழுத்தம் பெறும் அசையைக் கண்டறிக. நாம் தமிழில் அவற்றை ஒலிக்கும் முறையோடு ஒப்பிடுக.

3. ‘பிறர் உச்சரிப்பைக் கேட்டு நகைப்பது மொழிக்கல்விக்குத் தடை’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.